பிள்ளைகளும் பண்ணிசையும்: குரலிசை, வாத்தியப் பயிற்சி பற்றிய சில சிந்தனைகள்

ஆலயத்தில் தீபாராதனை நிறைவுற்றதும் குருக்கள் ஐயா திரும்பிப் பார்த்து, "பஞ்சபுராணம் பாடுங்கோ" என்கிறார். அடியார் கூட்டம் ஒரு கணம் மௌனமாகின்றது. தாய்மார் தம் பிள்ளைகளைப் பார்க்கின்றனர். பிள்ளைகள் நிலத்தைப் பார்க்கின்றனர். ஈற்றில் எல்லோருடைய கண்களும் வழக்கமாகப் பாடும் அந்த வயோதிபரின் பக்கம் திரும்புகின்றன. அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வருகின்றார். நம் கிராமத்து ஆலயங்கள் பலவற்றில் இது பழகிப்போன காட்சியாகும். அந்தப் பெரியவருக்குப் பின்னர் யார் என்ற வினாவுக்கு விடை காண முயல்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நம் பிள்ளைகளுக்கு இசை தெரியாது என்று கூறிவிட முடியாது. பாடசாலையில் கர்நாடக சங்கீதம் பயில்கின்றனர். க.பொ.த. சாதாரண தரத்தில் அதனை ஒரு பாடமாக எடுத்துச் சித்தியும் பெறுகின்றனர். ஆயினும் பரீட்சை முடிந்ததும் சுருதிப்பெட்டி அலுமாரிக்குள் சென்றுவிடுகின்றது. கற்ற இசை நிலைப்பதற்கு மூன்று விடயங்கள் ஒன்றுசேர வேண்டும். குருவின் முன் முறையான பாடம், வீட்டில் நாளாந்தச் சாதகம், பாடுவதற்கு ஓர் இடம் என்பனவே அவை. முதலிரண்டையும் ஆசிரியரும் பெற்றோரும் அளிக்கலாம். மூன்றாவதை அளிக்க வேண்டியது ஆலயமே.

கோணமலை பெற்ற இசைச் செல்வம்

திருகோணமலை மாவட்டத்தில் பிறந்த பிள்ளைக்கு இசையிலே தனி உரிமை ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்த மூர்த்தி நாயனார், இராமேச்சரத்திலிருந்தவாறே திருக்கோணமலையைத் தொழுது பதிகம் பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. மூன்றாம் திருமுறையில் இடம்பெறும் அப்பதிகத்தின் பண் புறநீர்மை. நம் கடல் ஒலித்து முத்தைக் கரையிலே கொழிக்கும் காட்சியை அப்பதிகத்திலே கேட்கலாம். பிற்காலத்தில் அருணகிரிநாதரும் இத்தலத்திற்குத் திருப்புகழ் பாடியுள்ளார்.

1624 இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்தனர். தூண்களும் கற்களும் கோட்டை கட்டவும் கடலுக்குள்ளும் போயின. மண்ணில் புதைந்திருந்த திருவுருவங்கள் சில 1950 இல் வெளிப்பட்டன. புதிய ஆலயத்தின் கும்பாபிஷேகம் 1963 இல் நடைபெற்றது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சுவாமி மலையில் பழைய கோயில் இல்லை. ஆனால் பதிகம் இருந்தது. ஏட்டில் இருந்தது மட்டுமன்றி, ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குச் சென்று வாழ்ந்தும் வந்தது.

இதே பாடத்தை நம் காலத்திலும் கண்டோம். 2006 இல் மூதூர் கிழக்கு மக்கள் உடுத்த உடையுடன் இடம்பெயர்ந்தபோது ஹார்மோனியத்தையும் மிருதங்கத்தையும் தூக்கிச் செல்ல இயலவில்லை. மனனமாகியிருந்த தேவாரத்தை மாத்திரம் எவரும் விட்டுச் செல்லவில்லை. எனவே இசைக் கல்வியில் மனனத்திற்கு முதலிடம் கொடுக்க வேண்டும். கொப்பியைப் பார்த்துப் பாடும் பிள்ளையின் கண் எழுத்திலேயே நிற்கும். செவி சுருதியை விட்டுவிடும்.

முதலில் குரல்

எந்த வாத்தியத்தைப் பயில விரும்பும் பிள்ளையும் முதலில் பாடக் கற்பது நன்று. தன் குரலால் ஒரு ஸ்வரத்தைச் சரியாகப் பிடிக்க இயலாதவர் வயலின் தந்தியில் அதனைத் தேடிப் பிடிப்பது கடினம்.

குரலுக்கு அடிப்படை சுருதி. பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து கட்டை அளவிலும், ஆண்களுக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டை அளவிலும் சுருதி அமையும். ஆயினும் பிள்ளைக்குப் பிள்ளை இது வேறுபடும். கீழ்ப் பஞ்சமமும் மேல் ஸ்தாயிப் பஞ்சமமும் வருத்தமின்றி எட்டக்கூடிய இடமே அப்பிள்ளையின் சுருதி என்று கொள்ளலாம். வகுப்பில் எல்லோரையும் ஒரே சுருதியில் பாடவைக்கும்போது சில பிள்ளைகள் கத்துகின்றனர், சிலர் முணுமுணுக்கின்றனர். "இவனுக்குச் சங்கீதம் வராது" என்று நாம் தீர்ப்பிடும் பிள்ளைகளில் பலர் தமக்கு ஒவ்வாத சுருதியில் பாடவைக்கப்பட்டவர்களே. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண் பிள்ளைகளின் குரல் உடையும். அக்காலத்தில் உரத்துப் பாட வற்புறுத்தாது, மெல்லிய குரலில் பயிலவைத்து, தாள அறிவையும் கேள்வி ஞானத்தையும் வளர்க்கலாம். பலர் இசையை விட்டுவிடுவது இந்த வயதிலேயாகும்.

அடுத்து வருவன ஸ்வர வரிசைகள். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று செல்லும் பாட முறையைப் புரந்தரதாசர் (1484–1564) வகுத்தார் என்பது மரபு. இவ்வரிசைகளை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ, ரி, க, ம என்னும் நான்கு ஸ்வரங்களுக்கிடையே உள்ள இடைவெளி எவ்வாறு அமைந்துள்ளதோ, அவ்வாறே ப, த, நி, ஸ என்னும் நான்கிலும் அமைந்துள்ளது. கீழ்ப் பாதியைப் பழகிய பிள்ளைக்கு மேற்பாதி தானாகவே கைவருகின்றது. படிக்கட்டில் ஏறப் பழகுவோருக்கு எல்லாப் படியும் ஒரே ஒழுங்கில் அமைவது போன்றது இது.

ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலங்களிற் பாட வேண்டும். பிள்ளைகள் மூன்றாம் காலத்திற்கு ஓடவே விரும்புவர். முதற் காலத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் சுருதியுடன் சேரும் வரை பிடித்துப் பாடுவதே உண்மையான சாதகம். பின் ஸ்வரத்தின் பெயரை விட்டு "ஆ" என்று அகாரமாகப் பாடவேண்டும். குரலின் கரகரப்பு நீங்குவதும் மூச்சு நீள்வதும் அகாரத்தினாலேயே. கிழமைக்கு ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் பாடுவதிலும், நாள்தோறும் காலையில் இருபது நிமிடம் பாடுவது மேலானது. கைத்தொலைபேசியில் இப்போது தம்புராச் சுருதி கிடைக்கின்றது. எனவே சுருதிப்பெட்டி இல்லை என்ற குறையும் இன்று இல்லை.

வரிசையிலிருந்து பண்ணுக்கு

தேவாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பண்கள் உள்ளன. அவற்றிற் பலவற்றை இன்றைய இராகங்களோடு பொருத்திப் பாடுகின்றோம். நட்டபாடையைக் கம்பீரநாட்டையிலும், தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திலும், காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும் பாடுவது வழக்கம்.

நம் கோணமலைப் பதிகத்தின் புறநீர்மை பொதுவாகப் பூபாளத்திலே பாடப்படுகின்றது. பூபாளம் வைகறைக்குரிய இராகம். ஸ, ரி, க, ப, த என ஐந்து ஸ்வரங்களே அதில் உண்டு. மத்திமமும் நிஷாதமும் இல்லை. இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வசதி கிடைக்கின்றது. பூபாளத்தின் ரிஷபமும் தைவதமும் மாயாமாளவகௌளையிற் பழகிய அதே சுத்த ஸ்வரங்களாகும். காந்தாரம் மட்டும் சற்றுக் கீழிறங்கிச் சாதாரண காந்தாரமாகின்றது. ஆகவே சரளி வரிசையை நன்கு பழகிய பிள்ளைக்கு, அந்த ஒரு ஸ்வரத்தின் வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தால், தன் மாவட்டத்துப் பதிகத்தையே முதற் பதிகமாகப் பாடத் தொடங்கலாம். "இது எங்கட கோணேசர் பாட்டு" என்று பிள்ளை அறியும்போது பாடத்தில் ஏற்படும் பற்று வேறு.

தாளத்துடன் பாடுவதைப் பண்ணாங்கம் என்றும், தாளமின்றி இராகத்துடன் விரித்துப் பாடுவதைச் சுத்தாங்கம் என்றும் கூறுவர். பிள்ளைகள் முதலில் பண்ணாங்கமாகப் பயில்வது நன்று. தாளத்தின் பிடியில் சொற்கள் ஒழுங்காக நிற்கும். எவ்வாறு பாடினும் சொற்பிரிப்பில் கவனம் வேண்டும். பாடமுன்னர் பதிகத்தை வாசித்துப் பொருள் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொருள் தெரியாது பாடும்போது சொல்லின் நடுவில் மூச்சு விடுவதும், ல, ள, ழ வேறுபாடின்றி உச்சரிப்பதும் நேர்கின்றன.

வாத்தியப் பயிற்சி

திருநீலகண்ட யாழ்ப்பாணர் சம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்று பதிகங்களை யாழிலே வாசித்தவர். திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காது போக, பாணர் மனம் நொந்து யாழை உடைக்க முற்பட்டார். சம்பந்தர் அவரைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு கூறினார் என்பது வரலாறு. அப்பதிகம் யாழ்மூரி எனப்படுகின்றது. வாத்தியம் குரலைத் தொடர்ந்து செல்வது என்பதையும், அடங்காத இடத்திலும் பயிற்சியைக் கைவிடலாகாது என்பதையும் இதிலிருந்து மாணவர்கள் உணரலாம்.

பழைய யாழின் அமைப்பையும் பண்களின் இலக்கணத்தையும் ஆராய்ந்து "யாழ் நூல்" தந்தவர் நம் கிழக்கு மண்ணின் மைந்தர் சுவாமி விபுலாநந்தர் (1892–1947). திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராகவும் அவர் பணியாற்றியவர். 1947 இல் அரங்கேறிய அந்நூலில் தேவாரவியல் என்றே ஓர் இயல் உண்டு. கணிதமும் விஞ்ஞானமும் கற்ற ஒருவர் இசையையும் அதே நுணுக்கத்துடன் ஆராய்ந்தார் என்பதை, "சங்கீதம் படித்தால் கணிதம் கெட்டுவிடும்" என்று அஞ்சும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் கிராமங்களிற் பெரும்பாலும் கிடைப்பவை ஹார்மோனியம், வயலின், மிருதங்கம் ஆகியவை. ஹார்மோனியம் தொடங்குவதற்கு இலகுவானது. கட்டையை அழுத்தியதும் ஸ்வரம் ஒலிக்கும். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது. ஆகவே அதனைச் சுருதிக்கும் வழிகாட்டலுக்கும் வைத்துக்கொண்டு, குரலை அதன் கட்டைகளுக்குள் அடக்கிவிடாது பார்த்துக்கொள்ள வேண்டும். வயலினில் கமகம் அழகாக வரும். ஆனால் விரல் வைக்கும் இடத்திற்கு அடையாளம் எதுவும் இல்லை; செவியே வழிகாட்டி. முதல் ஆறு மாதம் வீட்டார் பொறுமையுடன் அந்தக் கீறல் ஒலியைக் கேட்கத்தான் வேண்டும்.

மிருதங்கம் பயிலும் பிள்ளை, கையால் வாசிக்கும் சொல்லை வாயாலும் சொல்லிப் பழக வேண்டும். வாயில் தடக்கும் சொல் விரலிலும் தடக்கும். பக்கவாத்தியக்காரர் பாடகரின் பாட்டை அறிந்திருத்தலும் அவசியம். தேவாரத்திற்கு மிருதங்கம் வாசிக்கும்போது சொற்களை மூடிவிடாது மெதுவாக வாசிப்பதே பண்பு. நாதஸ்வரமும் தவிலும் மங்கல வாத்தியங்கள். அவற்றைப் பயில நீண்ட குருகுலப் பயிற்சி வேண்டும். திருவிழாவில் அவர்கள் வாசிக்கும்போது சிறிது நேரம் அருகில் இருந்து கேட்பதே பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகும்.

பரீட்சையும் அதன் எல்லையும்

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் நம் மாணவர்களுக்குப் பெரிதும் உதவியுள்ளன. தரம் தரமாக ஏறிச் சென்று கலாவித்தகர் பட்டம் பெறலாம். பாடத்திட்டத்தை ஒழுங்காகப் பயிலவும், கிராமத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே அளவுகோலால் மதிக்கப்படவும் இவை வழி செய்கின்றன. எனினும் பரீட்சைக்குரிய உருப்படிகளை மாத்திரம் பாடமாக்கி, சான்றிதழ் கிடைத்ததும் நிறுத்திவிடுவதால் பயனில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய வீட்டிலிருந்து, பூசை வேளையில் ஒரு பதிகம் பாட ஒருவர் வரவில்லையாயின், நாம் எதைக் கற்பித்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆலயம் செய்யத்தக்கவை

பிள்ளை பாடுவதற்கு அஞ்சுவது பாடத் தெரியாமையால் மாத்திரமன்று; பாடிப் பழக இடம் இல்லாமையாலும் ஆகும். ஆகவே பரிபாலன சபையினருக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கின்றேன்.

1. வெள்ளிக்கிழமைப் பூசையில் பஞ்சபுராணம் பாடுவதற்குப் பிள்ளைகளின் முறைப் பட்டியல் ஒன்றை மாதந்தோறும் ஆலயத்தில் இடலாம். தேவாரம் ஒருவர், திருவாசகம் ஒருவர், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருப்புராணம் ஒவ்வொருவர் என ஐவர் பாடினால், ஒரு மாதத்தில் இருபது பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும்.

2. பிள்ளை பாடும்போது ஒலிபெருக்கியில் ஒலிக்கும் இசைத்தட்டை நிறுத்த வேண்டும். பெரிய பாடகர்களின் பாடல்களைக் கேட்பது நல்லதே. ஆனால் அவை பிள்ளையின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

3. ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலையில் அரைமணி நேரம் பண்ணிசைக்கு ஒதுக்கலாம். இசையாசிரியருக்கு ஒரு வேதனத்தை உபயகாரர் ஒருவர் பொறுப்பேற்பது, ஒரு நாள் திருவிழா உபயத்திற்குக் குறைந்த புண்ணியமன்று.

4. மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தின் பத்து நாட்களும் விடியற்காலையில் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க வீதிவலம் செல்லும் வழக்கத்தில் இளையோரைச் சேர்க்க வேண்டும். கூட்டமாகப் பாடும்போது கூச்சம் நீங்கும். இருபது பாடல்களும் தாமாகவே மனனமாகும்.

5. விஜயதசமியன்று ஏடு தொடக்குவது போன்றே இசை தொடக்குவதையும் ஆலயத்தில் நடத்தலாம். நால்வர் குருபூசைகளிலே, பரிசுக்கான போட்டிக்குப் பதிலாக, எல்லோரும் பாடும் பண்ணிசை அரங்கு வைக்கலாம்.

பிள்ளை பாடும்போது ஸ்வரம் தவறினால் யாரும் சிரிக்கலாகாது. அன்று சிரித்தால் அந்தக் குரல் மறுமுறை ஒலிக்காது. பாடி முடிந்ததும் அந்தப் பெரியவர் பிள்ளையின் தலையில் கைவைத்து, "நல்லாய்ப் படிச்சாய் மோனை, அடுத்த கிழமையும் வா" என்று சொன்னால் போதும். குருக்கள் ஐயா "பஞ்சபுராணம் பாடுங்கோ" என்று அழைக்கும்போது யார் பாடுவது என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் முந்தும் நாள் வரவேண்டும். அதற்கான முதற் பாடம் அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கட்டும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.