தோட்டத்தில் ஒரு நாள் காமன் கூத்து வகுப்பு: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களின் மூத்த தலைமுறையில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பலர். விடிய விடிய காமன் கூத்தை மனப்பாடமாகப் பாடுகிறவர்களும் அவர்களுக்குள்ளேதான் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கான கலை வகுப்புக்கு வெளியே ஆசிரியர் தேட வேண்டாம். இப்படித் தொடங்குங்கள்.

1. நாளும் இடமும்

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுவது வழக்கம். அதற்கு முன்பே, தை மாத ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோயில் மண்டபம் போதும். காலை வீட்டு வேலை முடிந்து பெண்களும் வர வேண்டும். பத்து மணிக்குத் தொடங்குங்கள். பிள்ளைகளோடு வந்தாலும் வரவேற்று உட்கார வையுங்கள்.

2. முதலில் கதை

கூத்தைக் கற்பிக்கும் பெரியவரை, அதாவது கூத்து மாஸ்டரை, நடுவில் அமர்த்துங்கள். காமன் கூத்தின் கதையை அவர் சொல்லட்டும்: தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புவது, ரதி தடுப்பது, நெற்றிக்கண் எரிப்பது, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி அவன் உயிர் பெறுவது என்று வரிசையாக. தோட்டத்துக்குத் தோட்டம் கதை கொஞ்சம் மாறும். அந்த மாற்றங்களையும் கேட்டு வாங்குங்கள்.

3. தப்பு பழகுதல்

தீயில் காட்டித் தோலை முறுக்கேற்றுவதுதான் முதல் பாடம். பிறகு ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் நீண்ட மெல்லிய குச்சி. ஓர் அடியை எல்லோரும் பிழையில்லாமல் அடித்த பிறகே அடுத்த அடிக்குப் போங்கள். ஒரு காலத்தில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டதும் இந்தத் தப்புத்தான். ஒரு சாதிக்குரியதென்று ஒதுக்கி, அடித்தவரையும் தாழ்வாக நடத்திய வழக்கத்தை இங்கே முடித்துவையுங்கள். எல்லோர் கையிலும் தப்பு ஏறட்டும்.

4. ரதியின் குரல்

ஆண்களே ரதி வேடம் கட்டுவது மரபு. ஆனாலும் புலம்பலின் ஆழத்தை ஒப்பாரி பாடத் தெரிந்த பெண்கள் நன்றாக அறிவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களைப் பாடச் சொல்லுங்கள். விரும்பினால் ரதியாக ஆடவும் இடம் கொடுங்கள்.

5. எரிந்தானா, எரியவில்லையா?

மன்மதன் உண்மையில் எரிந்தானா என்பதில் தமிழ்நாட்டு லாவணிப் பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடுவார்கள். அதே கேள்வியை வைத்து இரண்டு அணி பிரியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாதத்தில் எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறார் என்பது அப்போது தெரியும்.

6. பதிவு

மாஸ்டரின் சம்மதத்தோடு கைபேசியில் ஒலிப்பதிவு செய்யுங்கள். வாசிக்கத் தெரிந்த இளையவர்கள் அதைக் கொப்பியில் எழுதட்டும். பாடியவர் பெயர், தோட்டம், தேதி கட்டாயம். 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கினார். உங்கள் கொப்பியும் அந்த வேலையின் தொடர்ச்சிதான்.

கூத்துப் பாடத் தெரிந்த உங்கள் லயத்துத் தாத்தாவுக்கு வயதாகிறது. அடுத்த ஞாயிறே அவரிடம் போய்ப் பேசுங்கள்.