தறி நின்ற ஆண்டில் சின்ன மகிழ்ச்சிகள்

அன்புள்ள தம்பி மகனுக்கு,

பட்டு நெசவை நம்பிய ஊருக்குக் கடினமான ஆண்டு மூன்று வழியாக வருகிறது: நூல் வழியாக, மழை வழியாக, முகூர்த்தம் வழியாக. ஆரணித் தறிகளுக்குக் கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. அங்கே விலை ஏறினால் இங்கே பாவு (சேலையின் நீளவாக்கு இழைகள்) கிடைப்பது தாமதமாகும். 2021 இறுதியிலும் 2022இலும் பட்டு நூல் விலை ஏறியபோது நேர்ந்தது இதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் சேலைக் கடைகளின் தேவை குறையும். ஒவ்வோர் ஆண்டும் இவற்றில் ஏதேனும் ஒன்று வந்துபோவது நெசவாளர் வீடுகளுக்குப் பழக்கமானதே.

2020இல் நூலும் முகூர்த்தமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. மார்ச் 25இல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் தள்ளிப்போயின. நடந்த கல்யாணங்களும் வீட்டோடு முடிந்தன. கடைகள் மூடிக்கிடந்தன, நூல் வண்டிகள் வரவில்லை. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தொழிலில், அறுத்துக் கொடுக்காத சேலைக்குப் பணம் இல்லை. அந்த ஆண்டு ஜூலை 27இல் அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கலைக்கப்பட்டது. காஞ்சிபுரம் பட்டைவிடக் கனமும் விலையும் குறைந்தது என்று பெயர் பெற்று, புவிசார் குறியீடும் வாங்கிய ஆரணிப் பட்டு, பல மாதம் தறியிலேயே பாதி நெய்யப்பட்டு நின்றது. அத்தகைய ஆண்டு மறுபடியும் ஒரு வீட்டுக்கு வரலாம். அப்போது மனத்தைக் காத்துக்கொள்ள உதவும் சின்ன மகிழ்ச்சிகளை எங்கே தேடுவது, எப்படி வைத்துக்கொள்வது, அவற்றால் எது முடியும், எது முடியாது என்பதே இங்கே சொல்ல வேண்டிய செய்தி.

வருமானம் குறைந்த வீட்டில் முதலில் நின்றுபோவது செலவுள்ள காரியம் என்றுதான் தோன்றும். நடப்பது வேறு. செலவே இல்லாத காரியங்கள் அதற்கு முன்பே நின்றுவிடுகின்றன. ரேடியோ மௌனமாகும். மாலையில் திண்ணைக்கு வருவது குறையும். எதிர்வீட்டாரிடம் நின்று பேசக் கூச்சம் வரும். வேலை இல்லாதவனுக்குப் பாட்டு ஒரு கேடா என்ற எண்ணம் உள்ளே புகுந்துவிடும். கடனைவிட இந்தக் கூச்சம் மனிதரை விரைவாக ஒடுக்குகிறது.

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் இதை ஆராய்ந்தார். மனம் சோர்ந்தவர் தமக்குப் பிடித்த செயல்களைக் குறைத்துக்கொள்கிறார். குறைத்ததால் சோர்வு கூடுகிறது. கூடிய சோர்வு இன்னும் சில செயல்களை நிறுத்துகிறது. இந்தச் சுற்றை உடைக்க, மனம் தெளியும்வரை காத்திராமல், பிடித்த செயலை முதலில் தொடங்கச் சொன்னார் அவர். மனம் பின்னால் வரும் என்பது அவர் கண்டது. அவரும் அவருடன் பணியாற்றியவரும் சேர்ந்து 320 இன்பச் செயல்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். சிரிப்பது, பாட்டுக் கேட்பது, வெளியில் நடப்பது போன்ற எளிய செயல்களும் அதில் இருந்தன. திருக்குறளின் 63ஆம் அதிகாரமான இடுக்கணழியாமையும் துன்பத்தைக் கண்டு சிரிக்கும்படி சொல்லித்தான் தொடங்குகிறது. துன்பம் தீர்ந்த பிறகு சிரிக்கலாம் என்று வள்ளுவர் காத்திருக்கச் சொல்லவில்லை.

நெசவாளருக்கு மகிழ்ச்சி கிடைக்கும் முதல் இடம் தறிதான். கூலிக் கணக்கு மனத்தை அழுத்தும்போது இது கண்ணில் படாமல் போகும். விடியலில் தெருவில் பாவு நீட்டும் வேளையைப் பார்த்தால் தெரியும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் பக்கத்து வீட்டாரும் கைகொடுக்கிறார்கள். அறுந்த இழையை ஒருவர் கண்டு சொல்ல, இன்னொருவர் முடிகிறார். நடுவில் தேநீர் வரும், ஊர்ச்செய்தி வரும். பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை விரல் நுனியில் சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் வேலையில் ஆயிரக்கணக்கான இழைகள் கடந்துபோகின்றன. அந்த வேலை கேட்கும் கவனத்துக்குள் கவலை நுழைய இடம் குறைவு.

நிறத்தைப் பார்ப்பதும் பெரிய மகிழ்ச்சி. பாவில் ஒரு நிறமும் குறுக்கிழையான ஊடையில் ஒரு நிறமும் ஓடும்போது, நீலமும் பச்சையும் கலந்து மயில்கழுத்தாக மாறுவது ஒரு விரற்கடை நெய்ததும் தெரிந்துவிடும். அரக்கு, மாம்பழம், வாடாமல்லி, கிளிப்பச்சை, வெங்காயத்தோல் என்று நிறங்களுக்கே ஒரு தனி உலகம் இருக்கிறது. மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, பாலும் பழமும் கட்டம் ஆகிய நெசவு வடிவங்களில் ஒவ்வொருவருக்கும் கை விரும்பும் ஒன்று இருக்கும். நெசவாளர் தமக்குப் பிடித்த நிறம் எது, பிடித்த கரை எது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவர் விருப்பத்தை நாளெல்லாம் நெய்கிறவருக்குத் தம் விருப்பம் மறந்துபோவது எளிது. தறி நின்றிருக்கும் மாதத்தில் கழிவு நூல் துண்டுகளைச் சேர்த்து வைத்து நிறச் சேர்க்கை பார்ப்பதற்குக் காசு வேண்டாம். தொழில் திரும்பும்போது அந்தப் பார்வை கைக்கு உதவும்.

இரண்டாவது இடம் பருவம். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டின் ஒவ்வொரு மாதமும் ஏதேனும் ஒன்றைக் கையில் கொடுக்கிறது. சித்திரை வெயிலில் நுங்கு வரும். அறுவடைக் காலத்தில் வேர்க்கடலையைச் செடியோடு பிடுங்கி வந்து உப்புப் போட்டு அவிக்கும் வாசனை திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களுக்குப் பழக்கமானது. ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆனால் கூழ் உண்டு. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக் குடிப்பதும், ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போவதும் வருமானம் குறையும் மாதத்துக்கு முன்னோர் வைத்த துணை என்றே கொள்ளலாம். 2020 ஆடியில் பெரிய கோயில்கள் பக்தர்களுக்குத் திறக்கப்படவில்லை. அப்போதும் வீட்டு அடுப்பில் கூழ் காய்ச்சிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க முடிந்தது.

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் நீர் வந்துவிட்டது என்றதும் ஊரே கரைக்குப் போகும். அந்தக் கூட்டத்தில் தனியாக நிற்பவர் எவரும் இல்லை. கார்த்திகையில் பனம்பூக் கரியை அடைத்து மாவளி சுற்றுவது வட மாவட்டங்களின் பழக்கம். அதைக் கட்டத் தெரிந்த பெரியவர் தெருவில் ஒருவர் இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். செய்யாற்றுக்குப் பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்குப் புகழ்பெற்ற ஊர். இரவு முழுதும் கூத்துப் பார்த்து, விடிந்ததும் படுகளத்தில் மண்ணால் கிடத்திய துரியோதனனைச் சுற்றி நிற்கும் மக்களுக்கு டிக்கெட் கிடையாது. இந்த நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்து வைப்பது நல்லது. எதிர்நோக்க ஒரு நாள் இருப்பதே பாதி மகிழ்ச்சி.

மூன்றாவது, பிடித்த பொருளும் பிடித்த பழக்கமும். எதைத் தேர்ந்துகொள்வது என்பதற்குச் சில எளிய அளவுகோல்கள் உண்டு. அது கடன் கேட்கக் கூடாது. நாள்தோறும் கிடைக்க வேண்டும். கையோ காலோ அசைந்தால் நல்லது. முடிந்தால் இன்னொருவரோடு பகிரக்கூடியதாக இருக்க வேண்டும். வாசலில் ஒரு மல்லிச் செடி, வானொலியில் பழைய பாட்டு, மாலை நடை, பிள்ளையோடு பல்லாங்குழி, நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகம் ஆகியவை இந்த அளவுக்குள் வருகின்றன. மது இந்த அளவுக்குள் வராது. அது அன்றைய கூலியை எடுத்துக்கொள்கிறது, மறுநாள் கையை நடுங்க வைக்கிறது, கரையையும் உடலையும் இணைக்கும் நுண்ணிய கோர்வை நெய்யும் தொழிலின் அடிப்படையையே அறுக்கிறது. இரவு முழுதும் கைப்பேசியில் ஓடும் காணொளிகளும் அப்படித்தான். பார்த்து முடித்தவருக்கு எதைப் பார்த்தோம் என்று நினைவிருப்பதில்லை.

1942 ஆகஸ்டில் கைதாகி அகமத்நகர் கோட்டையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜவாஹர்லால் நேரு அங்கே மண்ணைக் கொத்தித் தோட்டம் போட்டார். நாட்டின் விடுதலை எப்போது என்று தெரியாத காலம் அது. பூச்செடிக்கு நாளை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்தக் காலத்தில்தான் இந்தியாவைப் பற்றிய தம் பெரிய நூலையும் அவர் எழுதினார். நேரம் கையில் இருந்தும் நம்பிக்கை குறைந்திருக்கும்போது, சிறிதாக ஒன்றை வளர்ப்பது மற்ற வேலைகளுக்கும் வலிமை தருகிறது.

வீட்டுப் பெண்களின் மகிழ்ச்சிக்கும் நேரம் ஒதுக்கப்பட வேண்டும். 2019-20இல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். தறியில் உட்காருவதும், ஊடை நூலைத் தாரில் சுற்றுவதும், சமைப்பதும், பிள்ளைகளைப் பார்ப்பதும் அவர்கள் தலையில் விழுகின்றன. தறி நின்றாலும் அடுப்பு நிற்பதில்லை. வேலை இல்லாத நாளில் ஆண்கள் தண்ணீர் பிடித்து, காய் நறுக்கி, ஒரு மணி நேரத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தால், அந்த வீட்டில் இருவருக்கும் மகிழ்ச்சி பிறக்கும்.

நான்காவது, குறித்து வைப்பது. கடினமான காலத்தில் கெட்ட செய்தி தானாக நினைவில் நிற்கும். நல்லதை எழுதினால்தான் நிற்கும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாரத்துக்கு ஒருமுறை, நன்றி சொல்லத்தக்க ஐந்து செய்திகள்வரை பத்து வாரம் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்க்கையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தனர். நம் பக்கத்திலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஆரணிக்கு வடமேற்கே உள்ள வேலூர்ச் சிறையில் 1921 டிசம்பரில் அடைக்கப்பட்ட ராஜாஜி, அங்கிருந்த மூன்று மாதமும் நாட்குறிப்பு எழுதினார். சிறைச்சுவருக்குள்ளும் ஒரு நாள் மற்றொரு நாளைப் போல இருப்பதில்லை என்பது எழுதுகிறவருக்கே தெரியும். நெசவாளர் வீட்டில் கூலிக் கணக்கு எழுதும் நோட்டு எப்படியும் இருக்கும். அதன் கடைசிப் பக்கங்களை இதற்கு ஒதுக்கலாம். நாளுக்கு ஒரு வரி போதும்: இன்று என்ன சாப்பிட்டது ருசித்தது, யார் நலம் விசாரித்தார், எந்த நிறம் கண்ணில் நின்றது.

கடைசியாக, எல்லை. சின்ன மகிழ்ச்சி வட்டியைக் குறைக்காது, நூல் விலையை இறக்காது, விசைத்தறியில் நெய்த சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவதைத் தடுக்காது. அவற்றுக்கு வேறு வழிகள் வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, நெசவாளர் முத்ரா கடன், 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை வழிகள், கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்வரை கிடைக்கும் இலவச மின்சாரம் ஆகியவற்றை விடாமல் கேட்டுப் பெற வேண்டும். மகிழ்ச்சியாக இருக்கப் பழகியவர் தம் உரிமையைக் கேட்பதை விட்டுவிடக் கூடாது. நியாயமான கூலி கேட்கும் குரலுக்கும் மாலைப் பாட்டுக்கும் பகை இல்லை.

துக்கம் நடந்த வீட்டாரிடம் போய்ச் சிரிக்கச் சொல்வதும் தவறு. அவர்களுக்குப் பக்கத்தில் உட்காரும் ஆள் வேண்டும், சாப்பாடு வேண்டும், நாள் வேண்டும். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், உயிரை வெறுக்கும் எண்ணம் ஒருவருக்கு வருமானால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைத் தறி மேடைச் சுவரில் எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இவற்றில் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. இந்த வாரத்துக்கு ஒன்று போதும்: நோட்டில் ஒரு வரி, அல்லது வாசலில் ஒரு செடி, அல்லது அடுத்த தெருவில் தறி நின்றிருக்கும் ஒரு வீட்டுக்கு மாலையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவது. மூன்றில் கடைசியை முதலில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா
ஆரணி