தாம்பரத்துக் காடு

திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணிப் பக்கத்து ஊர்களினின்று சென்னைக்கு வரும் நம் மக்களுக்குப் பட்டணத்தின் தலைவாயில் தாம்பரமே. பிழைப்பின் பொருட்டும் பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் தென்புறநகரில் குடியேறிய குடும்பங்கள் பல. இரயிலில் வருவோர் தாம்பரத்தை நெருங்கும்போது, பாதைக்குக் கிழக்கே வீடுகளும் கடைகளும் ஓய்ந்து மரங்கள் அடர்ந்து நிற்பதைக் கண்டிருப்பர். "இது என்ன காடு?" என்று குழந்தைகள் கேட்பதுண்டு. "அது காலேஜ்" என்று விடை சொல்லிவிட்டு நாம் மூட்டை முடிச்சுகளை எடுக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்த விடை போதாது என்று தோன்றியதால் இவ்விதழின் பாடத்தை அதற்கே ஒதுக்கினோம்.

அது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜார்ஜ் டவுன் பகுதியில் தொடங்கிய பள்ளியே அதன் வித்து. 1862-இல் வந்த வில்லியம் மில்லர் அதனைக் கல்லூரியாக வளர்த்தெடுத்தார். தமிழைச் செம்மொழி என முதன்முதல் உரத்துக் கூறிய பரிதிமாற் கலைஞர் தமிழாசிரியராக விளங்கியதும், பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணன் பயின்றதும் அந்தப் பழைய கட்டடங்களில்தான். உயர்நீதிமன்றத்திற்கு எதிர்ப்புறத்து நெரிசலில் இடம் போதாமற்போகவே, ஊருக்கு வெளியே இடம் தேடினர். சேலையூர்க் காட்டு நிலத்தில் ஒரு பகுதி கிடைத்தது. ஹென்றி ஷேட்டி என்னும் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் கட்டடங்களை வகுத்தார். 1937 ஜனவரியில் புதிய வளாகத்தை அன்றைய ஆளுநர் எர்ஸ்கின் பிரபு திறந்துவைத்தார். மறு ஆண்டின் இறுதியிலேயே உலகின் பல நாடுகளினின்றும் வந்த கிறித்தவப் பேராளர்களின் மாநாடு அங்கே நடைபெற்றது. அன்று முதல் 'தாம்பரம்' என்னும் பெயர் சமய வரலாற்று நூல்களிலும் ஏறிவிட்டது. நமக்கு வேண்டியது அவ்வரலாறன்று. அந்த நிலத்தின் வரலாறு.

இன்று ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புள்ள அவ்வளாகம் அன்று நாம் காணும் காடாக இருக்கவில்லை. முட்புதர் மண்டிய, பாறை தலைகாட்டும் நிலம் அது. ஆடுமாடு மேய்ந்தும் விறகுக்கு வெட்டுண்டும் குன்றிப்போன குறுங்காடு. கட்டடம் எழுப்புவோர் இத்தகைய நிலத்தைக் கண்டால் முதலில் செய்வது யாது என்பதை நாம் அறிவோம். இயந்திரத்தைக் கொண்டு வழித்துச் சமன்செய்து, மண் கொட்டி, அழகுக்கெனச் சில செடிகளை நட்டு, "பசுமை வளாகம்" என்று பலகை மாட்டுவர். அங்கே நடந்தது வேறு.

வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்ஸும் அவர்தம் துணைவியார் ஆலிஸ் பார்ன்ஸும் வளாகத்தின் மரஞ்செடிகளைத் தம் பொறுப்பாக ஏற்றனர். பார்ன்ஸ் தொழிலால் வேதியியலார், மனத்தால் தாவரவியலார். நீலகிரிப் பகுதித் தாவரங்களைப் பற்றி 1930-களில் அவர் எழுதிய ஆய்வுகளைத் தாவர அறிஞர்கள் இன்றும் எடுத்தாள்கின்றனர். ஒரு செடியினத்திற்கே அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அத்தம்பதியர் வெளியிலிருந்து மரங்களைக் கொணர்ந்து நட்டனர். ஆனால் அதனினும் பெரிய செயல், உள்ளதை அழிக்காமல் விட்டது. வெட்டும் மேய்ச்சலும் நின்றால் வேரளவில் பிழைத்திருக்கும் செடிகள் தாமே மரமாகும் என்னும் உண்மையை அவ்வளாகம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மெய்ப்பித்து வருகிறது. புள்ளிமான்களும் அங்கே உண்டு.

சோழமண்டலக் கரையோரத்தின் இயற்கைக் காடு எத்தகையது என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம். இதனைத் தாவரவியலார் உலர் பசுமைமாறாக் காடு என்பர். காசா, வீரை, பாலை, களா, காரை, சூரை, உசில் ஆகியவை இதன் மக்கள். இப்பெயர்கள் நம் ஊர்ப் பெரியோர்க்குப் புதியன அல்ல. ஏரிக்கரையிலும் ஊர்க்கோடித் தோப்பிலும் களாப்பழம் பறித்துத் தின்று நாவு கறுத்த நினைவு பலருக்கு இருக்கும். சென்னைப் பகுதியில் ஆண்டுக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றிய சில வாரங்களில் கொட்டிவிடுகிறது. பிறகு நெடிய வறட்சி. இம்மரங்களின் இலைகள் சிறியவை, தடித்தவை, தோல்போன்றவை. ஆதலால் நீரை எளிதில் இழப்பதில்லை; சித்திரை வெயிலிலும் பச்சை மாறுவதில்லை. உயரம் குறைவு, ஆனால் அடர்த்தி மிகுதி. அழகுப் பூங்காவுக்குப் பழகிய கண்ணுக்கு இது "வெறும் புதர்" என்று தோன்றலாம். நம் காலத்துப் பிழைகளில் பெரும்பாலானவை இந்தச் சொல்லிலிருந்தே தொடங்கின என்பது எம் கருத்து.

அப்புதரின் அடியில் நடப்பதைப் பார்ப்போம். உதிர்ந்த இலை மெத்தைபோல் படிகிறது. மழைத்துளி நேரே மண்ணைத் தாக்காமல் இலைமேல் விழுந்து மெல்ல வடிகிறது. கறையானும் மண்புழுவும் எண்ணற்ற சிற்றுயிர்களும் மண்ணைத் துளைத்து வழி செய்து வைத்திருக்கின்றன. அவ்வழியே நீர் இறங்குகிறது. இலைச்சருகைக் கூட்டிக் கொளுத்துவது எத்தனை உயிர்களைக் கொளுத்துவது என்பதை நம் வாசகர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அது நம் கிணற்றையும் கொளுத்துவது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிணறு என்றோம். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர்ப் பகுதியின் அடிப்பாறை மிகக் கடினமானது. 1893-இல் ஹாலந்து என்னும் நிலவியலார் இதற்குச் 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். கல்கத்தாவை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையினது. அதனால் வந்த பெயர். அக்கல் இந்தப் பல்லாவரம் பக்கத்தது என்பது ஒரு சுவையான செய்தி. இப்பாறைக்குள் நீர் தங்குவதற்கு இடம் மிகக் குறைவு. மேலே சிதைந்து மண்ணாகிய அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் நிற்கும். எனவே இங்கு நிலத்தடி நீர் என்பது ஆழத்துப் பொக்கிஷம் அன்று. சென்ற மழை இறங்கியதன் மிச்சமே. எண்ணூறு அடி துளைத்தும் வெறும் புழுதி வந்த கதைகள் புறநகரில் தெருவுக்கொன்று உண்டு.

பிள்ளைகள் காகிதம் எடுத்து ஒரு கணக்குப் போடட்டும். 365 ஏக்கர் என்பது ஏறத்தாழ 148 ஹெக்டேர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி லிட்டர். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவான மழை 49 சென்டிமீட்டர். அப்படியாயின் அவ்வளாகத்தின்மேல் மட்டும் விழுந்தது 72 கோடி லிட்டருக்கும் மேல். இனி நம் வீட்டுக்கு வருவோம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதே மழையில் அதன்மேல் விழுந்தது சுமார் 1,09,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் ஒன்பது லாரித் தண்ணீர். சிமெண்டுத் தளமிட்ட முற்றமும் மொட்டை மாடியும் அதில் ஒரு சொட்டையும் உள்ளே வாங்குவதில்லை. அத்தனையும் தெருவுக்கு வருகிறது. தெருவிலிருந்து பள்ளத்திலிருக்கும் அயலார் வீட்டுக்குப் போகிறது. காடு முழுமழையையும் குடித்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அத்தகைய பெருமழையில் எந்த மண்ணும் நிறைந்துவிடும். ஆனால் முதல் சில மணி நேரத்து நீரைப் பிடித்து நிறுத்தி மெல்ல விடுவதே பள்ளத்தில் இருப்போர்க்கு உயிர் காக்கும் வேறுபாடு.

அந்த நீர் போகும் வழியையும் அறிதல் வேண்டும். தாம்பரம் ஒரு நீர்ப்பிரி மேட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. மேற்கே விழும் மழை முடிச்சூர், வரதராஜபுரம் வழியே அடையாற்றைச் சேர்கிறது. கிழக்கே விழுவது ஏரிக்கு ஏரி இறங்குகிறது. சிட்லபாக்கத்தின் உபரி செம்பாக்கத்திற்கு, செம்பாக்கத்தினது நன்மங்கலத்திற்கு, அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம், முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். கலங்கலும் கால்வாயுமாகக் கோத்த மணிமாலை அது. இந்த மாலையின் ஒரு மணி தூர்ந்தாலும் நூல் அறுந்தது போலத்தான். பள்ளிக்கரணையின் எஞ்சிய பகுதி 2022-இல் ராம்சார் ஒப்பந்தப்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சியே. எனினும் அதன் பழம் பரப்பில் பெரும்பகுதி குப்பைமேடும் சாலையும் குடியிருப்புமாகிய பின்னர் வந்த மகிழ்ச்சி அது.

இங்கே எம் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. தாம்பரத்திற்கு மேற்கே எம் உறவினர் ஒருவர் பல்லாண்டுகளுக்கு முன் மனை வாங்கினார். "மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது" என்று விற்றவர் சொன்னார். நாமும் உடன் சென்று பார்த்தோம். கோடைக்காலமாதலால் நிலம் வறண்டு மேடாகவே தோன்றிற்று. வில்லங்கச் சான்று பார்த்தோம், பட்டா பார்த்தோம். நீர் எவ்வழி வரும் என்று மட்டும் பார்க்கவில்லை. 2015-இல் மார்பளவு வெள்ளம் வீட்டினுள் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, படகில் வந்தவர்கள் பெரியவர்களைக் கரைசேர்த்தனர். எம் தந்தையார் கைப்பட எழுதி, பாதுகாப்புக்கென அவ்வீட்டு அலமாரியில் நாம் வைத்திருந்த நான்கு நோட்டுப் புத்தகங்கள் கூழாகிப் போயின. அவற்றுக்குப் படி இல்லை. செம்பரம்பாக்கத்தைத் திறந்ததால் வந்த வினை என்று அப்போது நாமும் பிறரைப் போலவே பேசினோம். பின்னர் வரைபடத்தை விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் கலக்கும் இடம் திருநீர்மலைக்கு அருகே, முடிச்சூர்ப் பகுதியோ அதற்கு மேலே, ஆற்றின் மேல்போக்கில் உள்ளது. அங்கு வந்தது அவ்வேரியின் நீரன்று. ஆதனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும், சுற்றியுள்ள மனைப்பிரிவுகள் தாங்காமல் தள்ளிவிட்ட மழையுமே.

கல்லூரிக் காட்டுக்கு மீள்வோம். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னையைத் தாக்கியது. நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. வளாகத்திலும் பல விழுந்தன. நகரில் அன்று மிகுதியாக விழுந்தவை விரைவில் வளரும் அயல்நாட்டு நிழல்மரங்கள் என்று கண்டோர் பலர் கூறினர். பனையும் வேரூன்றிய நாட்டு மரங்களும் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. நடுவது மட்டும் போதாது, எதை நடுகிறோம் என்பதும் வேண்டும் என்பதற்கு அதைவிடக் கொடிய தேர்வு தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இப்பாடத்தை விட மனமில்லை. வேதியியலார் ஒருவர் காடு காத்தார் என்று மேலே கண்டோம். அதே கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராயிருந்து 1988-இல் மறைந்த கிஃப்ட் சிரோமணி, கோலங்களின் கணித அமைப்பை ஆராய்ந்தார். மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி நண்பர்களுடன் எழுதினார். தமிழின் பழைய எழுத்துகளில் ஆழ்ந்தார். நம் சமண முனிவர் உறைந்த குகைகளில் காணும் தமிழ்ப் பிராமி எழுத்து முதலாகப் பழைய வரிவடிவங்களில் திருக்குறளை எழுதிக்காட்டும் நூல் ஒன்று 1980-இல் அவரும் உடன்பணியாளரும் முயன்றதால் வெளிவந்தது. தம் துறையின் வேலியைத் தாண்டாத அறிவு காட்டையும் காக்காது, கல்வெட்டையும் படிக்காது போலும். மதிப்பெண்ணுக்கு வெளியே ஒரு பக்கமும் புரட்டாத நம் பிள்ளைகளை நினைத்து இதனை எழுதுகிறோம், கடிந்துரைப்பதாகக் கொள்ளற்க.

தென்புறநகரில் நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டபோது, சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே மண்வெட்டியுடன் தம் ஏரிக்குள் இறங்கினர். 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகிவிட்டது. கேட்க வேண்டிய இடம் ஒன்றாகிவிட்டது என்ற அளவில் அதுவும் நன்மையே.

மனை வாங்கும் எண்ணமுள்ள குடும்பத்தார் வில்லங்கச் சான்றுடன் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்க்கவும். சுற்றியுள்ள எண்களில் ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று எங்கேனும் குறித்திருக்கிறதா என்று கேட்கவும். ஐப்பசி மழையில் ஒருமுறை குடையுடன் சென்று அம்மனையில் நின்று பார்ப்பது எந்தப் பத்திரத்தினும் மேலான சான்று. ஏற்கெனவே வீடு கட்டிக்கொண்டோர் முற்றத்துச் சிமெண்டில் ஒரு மூலையையாவது பெயர்த்து மண்ணைத் திறந்துவிடலாம். எம் இல்லத்தில் அவ்வாறு செய்து ஒரு களாச் செடி வைத்தோம். முள் குத்துகிறது என்று வீட்டில் முறையீடு இருந்தது. இவ்வாண்டு பழம் வந்தபின் அடங்கிற்று.

பள்ளி மாணவர்க்கு ஒரு பயிற்சி: உங்கள் தெருவில் விழும் மழை எந்த ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று பெரியவர்களையும் வரைபடத்தையும் கேட்டுக் கோடிட்டுப் படமாக எழுதி அனுப்புங்கள். கல்லூரி வளாகத்தைக் காண விரும்புவோர் அலுவலகத்தில் முன்னரே எழுத்து மூலம் அனுமதி கேட்டுச் செல்லவும். செல்லும்போது தின்பண்டப் பொட்டலங்களை மான்களுக்குப் போட வேண்டா.