எச்சம்

எஞ்சி நிற்பது எச்சம். 'எஞ்சு' என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல், முற்றுப்பெறாத செயலைக் குறிக்கவும் வழங்கும்.

இலக்கண நூலார் இதனைப் பொருத்தமுற ஆண்டனர். 'வந்தான்' என்பது முற்று. அங்கே கருத்து முடிந்துவிடுகின்றது. 'வந்து' என்று கூறி நிறுத்தினால், 'வந்து என்ன செய்தான்?' என்று கேட்போர் உள்ளம் ஒரு வினையை நாடும். ஆதலின் அது வினையெச்சம். 'வந்த' என்பது பெயரை நாடும். ஆதலின் அது பெயரெச்சம்.

வாழ்க்கையிலும் எச்சங்கள் உண்டு. திருவள்ளுவர் 'வினைசெயல்வகை' என்னும் அதிகாரத்தில், முடிக்காமல் விட்ட வினையையும், ஒழிக்காமல் விட்ட பகையையும், அணைக்காமல் விட்ட தீக்கு ஒப்பிடுகின்றார். சிறு பொறிதானே என்று இகழ்ந்தால், அது வளர்ந்து சுடும்.

ஆயினும் எச்சமெல்லாம் பழுதாவதில்லை. கழுகுமலையில் வெட்டுவான் கோயில் என்னும் ஒற்றைக் கற்றளி உளது. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கினர். மேலே விமானம் எழில் பெற்றது. கீழ்ப்பகுதி முடிவுறாது நின்றுவிட்டது. எனினும் செதுக்கிய பகுதியில் உளி சோர்ந்த இடம் இல்லை. ஆதலின் அஃது எச்சமே, அரைகுறை அன்று. மனம் ஊன்றாது செய்வதே அரைகுறை.

எடுத்த வினையை முடித்தல் கடமை. முடிக்க இயலாது போயினும், செய்த அளவைச் செவ்வனே செய்தல் வேண்டும். அத்தகைய எச்சம் பின்வருவோர்க்கு வழிகாட்டும்.