அசைந்தால்தான் அடங்கும் தலைசுற்றல்

விடியற்காலையில் கட்டிலில் வலப்பக்கம் புரண்டதும் அறையே சுழல்கிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே கிடந்தால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. கொடியில் துணி போட அண்ணாந்தால் மறுபடியும் வருகிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்: பித்தம், பிரஷர், சுகர், ரத்தம் பத்தவில்லை. மருந்துக் கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே தூங்கி, கழுத்தை விறைப்பாக வைத்தபடி நடமாடுவதுதான் அடுத்து நடப்பது. நோய் நாள் கணக்கில் நீள்வதற்கு இந்த விறைப்பும் ஒரு முக்கியக் காரணம்.

பயிற்சியில் இறங்குமுன் ஆபத்தை விலக்கியாக வேண்டும். தலைசுற்றலோடு பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ துவண்டாலோ, உருவங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாமல் போனாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். இதுவரை வராத கடுமையான தலைவலி, கழுத்துவலி சேர்ந்துகொண்டாலும் அப்படித்தான். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை தள்ளிப்போகப் போகப் பலன் குறையும். உட்கார்ந்தவர் எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டினால், பார்க்க வேண்டியது ரத்த அழுத்தத்தை. அதற்கு இங்கே சொல்லப்படும் பயிற்சிகள் உதவா.

இவை எதுவும் இல்லாமல், படுக்கும்போதும் புரளும்போதும் மட்டும் சில நொடி சுற்றுகிறதென்றால், பெரும்பாலும் உட்காதில் இடம் மாறிய துகள்கள்தான் காரணம். உட்காதின் ஒரு பையில் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ அவை கழன்று, பக்கத்தில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் ஒன்றில் போய் விழும். பெரும்பாலும் பின்புறக் குழாய். தலையைச் சாய்த்ததும் துகள்கள் உருண்டு குழாயில் உள்ள நீரை இழுக்கின்றன. தலை நின்ற பிறகும் அது சுழல்வதாக மூளைக்குத் தகவல் போகிறது. மாத்திரை குமட்டலைத் தணிக்குமே தவிர, குழாய்க்குள் கிடக்கும் துகளை நகர்த்தாது.

எந்தக் காது என்பதை மருத்துவரிடமோ, இதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடமோ உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-ல் விவரித்த சோதனை இன்றும் கைகொடுக்கிறது: தலையை ஒரு பக்கம் 45 டிகிரி திருப்பி, உட்கார்ந்தவரைச் சட்டென்று பின்னால் சாய்த்து, கண்கள் எந்தத் திசையில் துடிக்கின்றன என்று பார்ப்பார்கள். எந்தப் பக்கம் சாய்த்தால் சுற்றுகிறதோ, பெரும்பாலும் கோளாறு அந்தக் காதில்.

துகளை வந்த வழியே திருப்பி அனுப்பும் முறையை வகுத்தவர் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரத்து மருத்துவர் ஜான் எப்லி. தலையைத் திருப்பியே இதைக் குணப்படுத்தலாம் என்று 1980-ல் அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1992-ல்தான் அவருடைய கட்டுரை மருத்துவ இதழில் வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை அதுதான்.

வலது காதுக்கான முறை இது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி பின்னால் ஒரு தலையணையை வைக்க வேண்டும். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, அப்படியே வேகமாக மல்லாந்து படுக்க வேண்டும். தோள் தலையணையிலும், தலை சற்றுப் பின்னால் சரிந்து மெத்தையிலும் இருக்கும். சுற்றத் தொடங்கும்; பயந்து எழக் கூடாது. சுற்றல் நின்று 30 நொடி ஆகும்வரை அப்படியே இருக்க வேண்டும். பிறகு தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி இன்னொரு 30 நொடி. அடுத்து உடம்போடு சேர்ந்து இடப்பக்கம் ஒருக்களித்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி முகத்தைக் கவிழ்த்து மற்றொரு 30 நொடி. கடைசியாக முகவாயைத் தாழ்த்தியபடி, இடப்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு மெதுவாக எழுந்து உட்கார வேண்டும். இடது காது என்றால் பக்கங்களை அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

முதல் முறை மருத்துவர் செய்துகாட்டுவதே பாதுகாப்பு. கழுத்தெலும்புத் தேய்மானம் அதிகமாக உள்ளவர்களும், கழுத்து ரத்தக்குழாயில் அடைப்போ விழித்திரைப் பிரச்சினையோ உள்ளவர்களும் கேட்காமல் இறங்கக் கூடாது. வீட்டில் செய்யும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். இதைச் செய்தபின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை என்கிறது அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017-ம் ஆண்டு வழிகாட்டுதல்.

துகள் போய்விட்டாலும் சிலருக்குச் சில நாள் தள்ளாட்டம் மிஞ்சும். உட்காது நரம்பு வீங்கி நாள் கணக்கில் சுழன்றவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும். இங்கே வேலை மூளைக்கு: ஒரு காதிலிருந்து வரும் தகவல் குறைந்துவிட்டதை அது கற்றுச் சரிக்கட்ட வேண்டும். தலை அசையாவிட்டால் கற்க வழியே இல்லை. இரண்டாம் உலகப் போர்க்கால லண்டனில் காது அறுவை மருத்துவர் காதோர்னும் இயன்முறை மருத்துவத்துறை சார்ந்த குக்சியும் கண்டது இதைத்தான். சீக்கிரம் எழுந்து நடமாடியவர்கள் சீக்கிரம் தேறினார்கள். அவர்கள் வகுத்த பயிற்சி படுக்கையில் கண்ணையும் தலையையும் அசைப்பதில் தொடங்கி, பந்தைக் கைமாற்றி எறிவது, படி ஏறி இறங்குவது என்று வளரும்.

வீட்டில் செய்ய ஒரே ஓர் எழுத்து போதும். 'அ' என்று அட்டையில் பெரிதாக எழுதி, கை நீட்டும் தொலைவில், கண் மட்டத்தில், வெறுஞ்சுவரில் ஒட்ட வேண்டும். பார்வையை எழுத்தின் மேல் நிறுத்தி, தலையை மட்டும் இடம் வலமாகத் திருப்ப வேண்டும். எழுத்து மங்கலாகிற வேகத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதுதான் சரியான வேகம். ஒரு நிமிடம் இப்படி. ஓய்வுக்குப் பின் மேலும் கீழுமாக ஒரு நிமிடம். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு நடந்துகொண்டே. எளிதாகிவிட்டால் கட்டம் போட்ட சேலை ஒன்றைத் தொங்கவிட்டு அதன் மேல் அட்டையைக் குத்தலாம். பின்னணி நெருக்கமாக இருந்தால் பயிற்சி கடினமாகும். அமெரிக்க இயன்முறை மருத்துவர்கள் 2022-ல் புதுப்பித்த வழிகாட்டுதல், புதிதாக வந்த பாதிப்புக்கு நாளொன்றுக்கு மொத்தம் 12 நிமிடமாவதும் நாள்பட்டதற்கு 20 நிமிடமாவதும் இதைச் செய்யச் சொல்கிறது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டுவது இதற்கு ஈடாகாது.

செய்யும்போது லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றவே இல்லையென்றால் பயிற்சி போதாது. நிறுத்திக் கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. சாயங்காலம்வரை நீடித்தால் மறுநாள் வேகத்தைக் குறைக்கலாம். புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்ற மாத்திரைகள் முதல் சில நாள் வாந்திக்கு உதவும். அதற்குமேல் தொடர்ந்தால் மூளையின் கற்றலை மந்தப்படுத்தும். எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். மாதக்கணக்கில் இவற்றை விழுங்கிக்கொண்டு "இன்னும் கிறுகிறுப்பு போகலையே" என்று தவிப்பவர்கள் நம்மிடையே அதிகம்.

நிற்கும் பயிற்சிக்கு அறையின் மூலைதான் நல்ல இடம்: இரண்டு பக்கமும் சுவர், முன்னால் கனமான நாற்காலி. பாதங்களைச் சேர்த்து வைத்து 30 நொடி நிற்பது முதல் படி. பிறகு ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டி நிற்பது. அடுத்து கண்ணை மூடி. அதுவும் கைகூடினால் தலையணை மேல் ஏறி நிற்கலாம்.

கண்ணை மூடியதும் தள்ளாடுகிறவர்களுக்கு ஆபத்தான இடம் குளியலறை. தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை மூடிய நொடியில் கால் தடுமாறும். தேறும்வரை முக்காலியில் உட்கார்ந்து குளிப்பது, சுவரில் பிடி பதிப்பது, இரவில் ஒரு சிறு விளக்கை எரியவிடுவது: முதியவர் இருக்கும் வீட்டில் இவை மூன்றும் கட்டாயம். இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் இதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

இரண்டு வாரத்தில் வெளியே நடக்கத் தொடங்கலாம். முதலில் ஆளில்லாத தெருவில், இரு பக்க வீடுகளையும் மாறி மாறித் திரும்பிப் பார்த்தபடி. பிறகு சந்தை, பேருந்து நிலையம். தலையைத் திருப்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தால் தடுமாற்றம் வருகிறவரை இருசக்கர வாகனமும் ஏணியும் வேண்டாம். துகள் பிரச்சினை பலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்பி வரும். வந்த தேதியையும் எந்தப் பக்கம் என்பதையும் குறித்து வைத்திருந்தால், அடுத்த முறை மருத்துவர் அந்தக் காதை முதலில் பார்ப்பார்.