சட்டை கசங்காமல் சென்னை சேர

கேள்வி: ஈரோட்டில் இரவு ரயில் ஏறி, காலையில் சென்னையில் இறங்கியதும் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். தேய்த்து வைத்த பருத்திச் சட்டை பையிலேயே கசங்கிவிடுகிறது. என்ன வழி?
– வாசகர், பெருந்துறை

பதில்: பருத்தி நூலுக்குள் இருக்கும் மெல்லிய பிணைப்புகள் சூட்டிலும் ஈரத்திலும் தளரும், ஆறும்போது, உலரும்போது இறுகும். எந்த நிலையில் இறுகுகிறதோ, அதுவே துணியின் வடிவம். சூட்டோடு மடித்தால் மடிப்பு பதிந்துவிடுவது இதனால்தான். ஆகவே தேய்த்த சட்டையை ஒரு மணி நேரமாவது ஹேங்கரில் ஆறவிடுங்கள். கஞ்சி போட வேண்டாம். விறைத்த துணியில் விழும் கோடு எளிதில் போகாது.

பேன்ட்டை அதன் மடிப்புக் கோட்டிலேயே மடித்து, பாதியைப் பெட்டிக்குள்ளும் மீதியை வெளியே தொங்கும்படியும் வையுங்கள். அதன்மேல், பொத்தான் போட்ட சட்டையைக் குப்புறப் போட்டு, நடுவில் மெல்லிய துண்டைச் சுருட்டி வைத்து மடியுங்கள். துண்டு இருப்பதால் மடிப்பு கூர்மையாக விழாது. காலருக்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்தால் காலர் நசுங்காது. கடைசியில் பேன்ட்டின் மீதியை மேலே போர்த்துங்கள். லாண்டரிக் கவர் இருந்தால் சட்டையை அதற்குள் போடுங்கள். துணிகள் உரசாமல் வழுக்கும். பெட்டியில் காலியிடம் விடாதீர்கள்; அசைந்தால்தான் கசங்கும்.

சென்னையில் இறங்கி அறைக்குப் போனதும் முதல் வேலை, சட்டையைக் குளியலறையில் மாட்டுவது. நீங்கள் வெந்நீரில் குளித்து முடிப்பதற்குள் ஆவி சிறு சுருக்கங்களைத் தளர்த்திவிடும். கையால் நீவி, காற்றில் உலர்த்தி அணியுங்கள். நிமிர்ந்த சட்டையோடும் நிமிர்ந்த மனதோடும் போங்கள். வேலை கிடைக்க வாழ்த்துகள்.