ஆடுகளத்தில் நாவடக்கம்: தொழில்சார் வீரரின் பொறுப்புக்கூறல்

க.பொ.த. (சாதாரண தரம்) – சுகாதாரமும் உடற்கல்வியும்
அலகு: விளையாட்டு ஒழுக்கம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• தகாத சொற்பிரயோகத்தின் வகைகளை வேறுபடுத்திக் காட்டுவீர்கள்.
• அதற்கெதிரான விதிகளை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• தண்டனை ஏன் தேவை, அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காரணங்காட்டி எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறுபவர் தொழில்சார் விளையாட்டு வீரர் ஆவார். ஆசிரியரும் வைத்தியரும் கடமை நேரத்து நடத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். வீரருக்கு ஆடுகளமே வேலைத்தளமாகையால், அங்கு அவர் பேசும் பேச்சுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். செய்த தவறை ஒப்புக்கொள்ளல், விசாரணைக்கு உட்படல், அதன் விளைவை ஏற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே பொறுப்புக்கூறல் ஆகும்.

2. தகாத சொற்பிரயோகத்தின் வகைகள்

(அ) எவரையும் குறியாத ஆபாசச் சொல். உதாரணம்: பிடியைத் தவறவிட்ட வீரர் தன்னையே உரக்கத் திட்டிக்கொள்ளல்.
(ஆ) எதிரணி வீரரை அல்லது நடுவரை நேரடியாக இழிவுபடுத்தும் சொல்.
(இ) இனம், நிறம், மதம், மொழி, சாதி, பால், அங்கவீனம் என்பவற்றைச் சுட்டி இழிவுபடுத்தும் சொல்.

இவற்றுள் மூன்றாவது வகையே மிகக் கடுமையானது. "உனக்கு ஆடத் தெரியாது" என்பது ஆட்டத்தைப் பற்றிய ஏளனம். அடுத்த பந்தில் நான்கு ஓட்டம் பெற்று அதற்குப் பதில் சொல்லலாம். ஒருவரின் தோல் நிறத்தை இகழ்ந்தால் அதற்கு ஆட்டத்தால் பதில் சொல்ல முடியாது. மேலும், அச்சொல் அந்த ஒருவரோடு நிற்பதில்லை. அதே நிறமுடைய எல்லோரையும், தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் சிறுவரையும் அது சென்று தாக்குகிறது.

3. விதிகள் கூறுவது என்ன?

• உதைபந்தாட்டம்: புண்படுத்தும் அல்லது இழிவான சொற்களைப் பயன்படுத்தும் வீரரை நடுவர் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றலாம்.
• துடுப்பாட்டம்: சர்வதேச துடுப்பாட்டப் பேரவையின் ஒழுக்கக்கோவை குற்றங்களை 4 நிலைகளாக வகுக்கின்றது. பிறர் கேட்கும்படி ஆபாசச் சொல் கூறுவது முதலாம் நிலைக் குற்றமாகும். 2016 இல் தரமிறக்கல் புள்ளி முறை அறிமுகப்படுத்தப்பட்டது. இதனால் சிறு தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்பவரும் ஈற்றில் போட்டித்தடைக்கு உள்ளாகிறார்.
• 2017 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த துடுப்பாட்ட விதிகளின்படி, இழிசொல் கூறிய அணிக்கு முதலில் எச்சரிக்கை விடுக்கப்படும். அதன் பின்னரும் அவ்வணியினர் அத்தகைய தவறைச் செய்தால் எதிரணிக்கு 5 தண்ட ஓட்டங்கள் வழங்கப்படும். ஒருவரின் நாவால் முழு அணியும் நட்டமடையும் என்பதைக் கவனிக்க.

4. நிகழ்வு ஆய்வு

நிகழ்வு 1 – பிறிஸ்பேன், 2003
2003 ஜனவரியில் இலங்கை அணிக்கெதிரான ஒருநாள் போட்டியில் அவுஸ்திரேலிய வீரர் டெரன் லீமன் ரன் அவுட் முறையில் ஆட்டமிழந்தார். கோபத்துடன் திரும்பிச் சென்ற அவர், இலங்கை வீரர்களின் நிறத்தை இழிவுபடுத்தும் சொற்களை உரக்கக் கூறினார். அது இலங்கை அணியினரின் காதில் விழுந்தது. பின்னர் லீமன் மன்னிப்புக் கோரினார். ஆயினும் பேரவையின் பிரதம நிறைவேற்று அதிகாரி மல்கம் ஸ்பீட் அவர்மீது முறைப்படி குற்றஞ்சாட்டினார். போட்டி மத்தியஸ்தர் கிளைவ் லொயிட் விசாரித்து 5 ஒருநாள் போட்டிகளில் ஆடத் தடை விதித்தார்.

நிகழ்வு 2 – டர்பன், 2019
பாகிஸ்தான் அணித்தலைவர் சர்ப்ராஸ் அஹமட், துடுப்பெடுத்தாடிக் கொண்டிருந்த தென்னாபிரிக்க வீரர் அன்டில் பெலுக்வாயோவின் நிறத்தைச் சுட்டி உருது மொழியில் இகழ்ந்தார். விக்கெட் அருகிலிருந்த ஒலிவாங்கி அதைப் பதிவு செய்தது. தம் சொற்கள் எதிரணிக்குக் கேட்க வேண்டும் என்று தாம் எண்ணவில்லை என அவர் விளக்கினார். நேரில் மன்னிப்பும் கோரினார். எனினும் 4 போட்டிகளில் ஆடத் தடை விதிக்கப்பட்டது. இன ஒதுக்கலுக்கு எதிரான பயிற்சியொன்றில் பங்குபற்றுமாறும் பணிக்கப்பட்டார்.

நிகழ்வு 3 – சிட்னி, 2008
இந்திய வீரர் ஹர்பஜன் சிங், அவுஸ்திரேலியாவின் அன்ட்ரூ சைமண்ட்ஸை இனரீதியாக இகழ்ந்தார் என முறையிடப்பட்டது. போட்டி மத்தியஸ்தர் மைக் புரொக்டர் 3 டெஸ்ட் போட்டிகளுக்குத் தடை விதித்தார். மேன்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜோன் ஹன்சன், இனரீதியான இகழ்ச்சி நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்மானித்துத் தடையை நீக்கினார். தகாத பேச்சுக்காகப் போட்டி ஊதியத்தின் 50 சதவீதம் தண்டமாக அறவிடப்பட்டது.

5. இந்நிகழ்வுகளிலிருந்து பெறும் முடிவுகள்

(1) கோபம் சொல்லுக்குக் காரணமாகலாம். அது சொன்னவரை விடுவிக்காது.
(2) கேட்டவருக்கு மொழி விளங்காதிருப்பினும் குற்றம் குற்றமே.
(3) தண்டனை குற்றத்தின் அளவுக்கு ஏற்றதாயிருக்க வேண்டும். தன்னைத் தானே திட்டியவருக்கும் பிறர் இனத்தை இகழ்ந்தவருக்கும் ஒரே தண்டனை வழங்குவது நீதியன்று.
(4) குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. சான்று, விசாரணை, மேன்முறையீடு ஆகிய மூன்றும் இன்றி வழங்கப்படும் தண்டனை பழிவாங்கலாகவே முடியும்.

6. பயிற்சி வினாக்கள்

1. தகாத சொற்பிரயோகத்தின் 3 வகைகளையும் பெயரிட்டு ஒவ்வோர் உதாரணம் தருக.
2. நிகழ்வு 3 இல் தண்டனை ஏன் மாற்றப்பட்டது? இதிலிருந்து விளையாட்டு நிர்வாகிகள் கற்கத்தக்க பாடம் யாது?
3. "மன்னிப்புக் கோரிய வீரரைத் தண்டிக்க வேண்டியதில்லை." இக்கூற்றை ஆராய்க.

வினா 3 இற்கான மாதிரி விடை:

மன்னிப்புக் கோருவது நற்பண்பு. அது தவறை ஒப்புக்கொள்வதன் அடையாளம் என்பதால் தண்டனையைத் தீர்மானிக்கும்போது அதனைக் கவனத்திற் கொள்ளலாம். ஆனால் மன்னிப்பு, புண்பட்டவருக்கும் புண்படுத்தியவருக்கும் இடையிலான விடயம். பிறிஸ்பேனில் கூறப்பட்ட சொல் பதினொரு இலங்கை வீரரை மட்டும் இகழவில்லை. அந்நிறமுடைய அனைவரையும் இகழ்ந்தது. அவர்கள் அனைவரின் சார்பிலும் மன்னிக்கும் அதிகாரம் எந்த ஓர் அணிக்கும் இல்லை. எனவேதான் மன்னிப்புக்குப் பின்னரும் விசாரணை நடைபெற்றது. மேலும், மன்னிப்பு மட்டுமே போதுமெனின், முதலில் இகழ்ந்து பின்னர் வருந்துவது வழக்கமாகிவிடும். ஆகவே மன்னிப்பு பொறுப்புக்கூறலின் தொடக்கமேயன்றி முடிவன்று.

மாணவர் கவனத்திற்கு: பாடசாலைப் போட்டிகளில் உங்கள் அருகில் ஒலிவாங்கி இராது. ஊரையோ சாதியையோ சொல்லி ஒருவர் எதிரணி மாணவனை இகழும்போது, அதைக் கேட்பவர்கள் நீங்கள்தான். அவ்வேளை அவரோடு சேர்ந்து சிரிக்காமல், "அப்படிச் சொல்லாதே" என்று கூறுவதும் இப்பாடத்தின் செய்முறைப் பயிற்சியே.